அப்பன் வீட்டு ரத்தம்

என் மாமியார் என்னைத் திட்ட ஆரம்பித்தால் முதலில் வருவது "உங்க அப்பன் வூட்டு ரத்தம்" என்பதுதான். சாம்பாரில் உப்புக் கூடினாலும் அதுதான் காரணம், என் பிள்ளை பேச்சை மறந்ததற்கும் அதுதான் காரணம். என் அப்பா வேறு யாருமில்லை, என் மாமியாரின் கூடப்பிறந்த அண்ணன். பிறந்து வளர்ந்த வீட்டையே காறித் துப்புகிறீர்களே அத்தை என்று நானும் சொல்லிக் காட்டாமல் விட்டதில்லை. "நான் அந்த வூட்டுக்காரி இல்லடீ. கழுத்துல தாலி ஏறின அன்னிக்கே இந்த வூட்டுக்காரி ஆயிட்டேன்" என்பார். தாலி ஏறினால் குலதெய்வம் மாறும், அதோடு ரத்தமும் மாறிவிடும் என்று எங்கள் ஆரணியில் அவர் மட்டுமல்ல, பாதி ஊரே நம்புகிறது. வேலூர் ஆஸ்பத்திரிக்காரர்களுக்குத்தான் இந்த விவரம் தெரியவில்லை.

எங்கள் குடும்பத்தில் பெண் கொடுத்துப் பெண் எடுப்பது வழக்கம். என்னை அத்தை மகனுக்குக் கொடுத்தார்கள். எனக்கு நிச்சயத் தட்டு மாற்றும்போதே அத்தையின் மகளை என் தம்பிக்கு என்று பேசி முடித்துவிட்டார்கள். அவள் அப்போது கல்லூரியில் முதல் வருஷம். படிப்பு முடிந்ததும் சேவூரில் இருக்கும் என் அம்மா வீட்டுக்கு மருமகளாகப் போனாள். இரண்டு வீட்டிலும் பட்டுத்தறி இருக்கிறது, இரண்டு வீட்டுச் சேலையும் ஒரே கடைக்குத்தான் போகிறது, வெளியாள் எதற்கு என்று எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும் சந்தோஷம்தான். சின்ன வயதிலிருந்து மாமா என்று கூப்பிட்ட ஆளைக் கட்டிக்கொள்வதில் என்ன பயம்?

இந்த ஏற்பாட்டில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இங்கே ஒருத்தியை அழவைத்தால் அங்கே ஒருத்தியை அழவைப்பார்கள். இங்கிருந்து நான் பெட்டியோடு கிளம்பினால், சாயங்காலத்துக்குள் அங்கிருந்து என் நாத்தனார் பெட்டியோடு வந்து இறங்குவாள். அதனால் யாரும் யாரையும் துரத்த முடியாது. இதைப் பெண்களுக்குப் பாதுகாப்பு என்று பெருமையாகச் சொல்வார்கள். ஒரே கயிற்றில் இரண்டு மாட்டைக் கட்டிவிட்டு, பார் எவ்வளவு ஒற்றுமை என்று சொல்கிற கதைதான்.

என் பிள்ளை பிறந்தபோது எந்தக் குறையும் இல்லை. சுருட்டை முடி, தடித்த புருவம், உருண்டை வயிறு. பார்த்தவர்கள் எல்லாம் கொழுகொழுவென்று இருக்கிறான் என்று கன்னத்தைக் கிள்ளினார்கள். நேரத்துக்கு நடந்தான். இரண்டு வயதில் வாய் ஓயாது. தறி என்பான், பஸ் என்பான், என் நாத்தனாரைப் பார்த்தால் அத்தே என்று வாசலுக்கு ஓடுவான். மூன்று வயதுக்கு மேல் புதிதாக ஒரு வார்த்தையும் வரவில்லை. அப்புறம் பழைய வார்த்தைகள் ஒவ்வொன்றாகப் போயின. ஓட்டம் மட்டும் நிற்கவில்லை. தறிமேல் ஏறி, கட்டியிருக்கும் பாவு நூலை இரண்டு கையாலும் வாரி இழுத்து அறுப்பான். தூங்கமாட்டான். கடிப்பான். அறுந்த இழைகளைப் பிணைத்துக்கொண்டே என் வீட்டுக்காரர் பல்லைக் கடிப்பார்.

எல்லோருக்கும் காரணம் தெரிந்திருந்தது. நான் ஜக்கார்டு தறிக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டு, அதை ஓட்டை ஓட்டையாக அட்டையில் அடித்துக் கொடுக்கிறவள். "நீ அந்தப் பொட்டி முன்னாடியே குந்திகினு இருந்தா புள்ள எப்படி பேசும்?" என்றார் அத்தை. என் அம்மா செல்போன்தான் காரணம் என்றாள். ஒரு டாக்டர் பேச்சுப் பயிற்சிக்கு அனுப்பினார், ஒருவர் சத்து மருந்து எழுதினார், ஒரு பூசாரி அவன் தலைமாட்டில் எலுமிச்சம்பழம் வைத்தார். கடைசியில் ஆரணியிலேயே ஒரு குழந்தை டாக்டர் அவன் முகத்தை வெகுநேரம் பார்த்தார், வயிற்றை அழுத்தி ஈரலைத் தொட்டுப் பார்த்தார், வேலூருக்குப் போங்கள் என்று மட்டும் சொன்னார். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை, பீஸும் வாங்கவில்லை. 

வேலூரில் மூத்திரம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், எங்கள் இரண்டு பேரின் ரத்தத்தையும் எடுத்தார்கள். முடிவு வந்த அன்று அத்தையும் கூட வருவேன் என்று பிடிவாதம் பிடித்து வந்தார். ஒரு சின்னப் பெண், மரபணு ஆலோசகராம், வெள்ளைத்தாளில் ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம் என்று போட்டு எங்கள் குடும்பத்தை வரைய ஆரம்பித்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார். "ரத்த சொந்தம் இல்லீங்க. முறை, அவ்ளோதான். எங்க கொலதெய்வம் வேற, இவங்க கொலதெய்வம் வேற."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். பிறகு அத்தையிடம், "இவங்க அப்பா உங்களுக்கு இன்னா வேணும்மா?" என்றாள்.

"கூடப் பொறந்த அண்ணன்."

அவள் ஒரு வட்டத்திலிருந்து ஒரு கட்டத்துக்குக் கோடு இழுத்தாள். அத்தை தாளை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னை இன்னாத்துக்கு அந்தப் பக்கம் இழுக்கறீங்க? நான் இந்தப் பக்கம்" என்று என் வீட்டுக்காரரின் கட்டத்தை விரலால் தட்டினார். அழுவதா சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எப்போதும் ஏதாவது பார்க்கக் கிடைத்துவிடும்.

"உங்க அப்பா அம்மாவுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று அவள் அத்தையிடம் கேட்டாள்.

"நாங்க ரெண்டு பேருதான். அண்ணன், நான்."

அப்புறம் பெரிய டாக்டர் வந்து உட்கார்ந்து விளக்கினார். உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் லைசோசோம் என்று ஒரு சின்னப் பை இருக்கிறது. செல்லுக்கு வேண்டாத பழைய சரக்கெல்லாம் அங்கே போய்க் கரைய வேண்டும். கரைப்பதற்கு ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு நொதி. என் பிள்ளைக்கு அதில் ஒரே ஒரு நொதி இல்லை. அதனால் நீளமான ஒரு சர்க்கரைச் சங்கிலி கரையாமல் சேர்ந்துகொண்டே போகிறது, ஈரலில், எலும்பில், எல்லாவற்றையும்விட மூளையில். எம்.பி.எஸ். என்று சொல்கிற நோய்களில் இது மூன்றாவது வகை. வேறு சில வகைகளுக்கு மருந்து வந்திருக்கிறது, இதற்கு இன்னும் இல்லை. பேச்சு போனது போல நடை போகும், பிறகு விழுங்குவது போகும் என்றார். அவர் மெதுவாகத்தான் சொன்னார், நல்ல மனுஷர்.

ஏன் வந்தது என்று கேட்டேன். ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதி இருக்கும், ஒன்று அப்பா கொடுத்தது, ஒன்று அம்மா கொடுத்தது என்றார். ஒன்று கெட்டிருந்தாலும் மற்றது வேலையைச் செய்துவிடும். அந்த ஆளுக்கு ஒரு தலைவலிகூட வராது, சாகும்வரை தெரியவே தெரியாது. அவரைக் கேரியர் என்பார்கள். அப்படி இரண்டு கேரியர்கள் கல்யாணம் செய்துகொண்டால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, இரண்டு கெட்ட பிரதியும் ஒன்றாக வந்து சேர. வெளியிலே கட்டியிருந்தால் இந்த அபூர்வமான பிழை எதிர்ப்பக்கமும் இருப்பது நூற்றுக்கணக்கான பேரில் ஒருவருக்குத்தான். சொந்தத்தில் கட்டினால் ஒரே பெட்டியிலிருந்து இரண்டு பேரும் எடுக்கிறோம். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் இருந்தது ஒரே மரபணுவில், ஒரே இடத்தில், ஒரே பிழை. என் அப்பா எனக்குக் கொடுத்தார், அத்தை தன் மகனுக்குக் கொடுத்தார். அவர்கள் இரண்டு பேருக்கும் அவர்களைப் பெற்றவர்கள் கொடுத்தார்கள்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டுவிட்டு, ஜக்கார்டு அட்டையில் ஒரு ஓட்டை விட்டுப்போனால் சேலை முழுக்க அந்தப் பிசகு வருமில்லையா, அதுபோல என்றார் டாக்டர். உதாரணம் சரிதான். ஆனால் அட்டையில் பிசகு வந்தால் நான் காகிதத்தை ஒட்டி அடைத்துவிட்டு வேறு ஓட்டை போடுவேன். இங்கே ஒட்டுவதற்கு ஒன்றுமில்லை என்று அவருக்கும் தெரியும். சும்மா தலையை ஆட்டினேன்.

அந்தச் சின்னப் பெண் இன்னும் வரைந்துகொண்டிருந்தாள். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் உண்டா, கல்யாணம் ஆகிவிட்டதா, யாரோடு என்று கேட்டாள். தம்பிக்கு ஆகிவிட்டது, இவருடைய தங்கையோடு என்றேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "அவங்க ரெண்டு பேருக்கும் குழந்தை இருக்கா?" இல்லை என்றதும், "அப்போ ரெண்டு பேரையும் ஒரு தடவை கூட்டினு வாங்க. ரத்தப் பரிசோதனைதான். குழந்தை உண்டாகறதுக்கு முன்னாடி தெரிஞ்சா நல்லது. உண்டான பிறகுகூட மூணாம் மாசத்துல பார்க்க முடியும்" என்றாள்.

திரும்பும்போது வழியில் கண்ணமங்கலம் வந்தது. அங்கே பஸ் நின்றது, என் வீட்டுக்காரர் டீ குடிக்க இறங்கினார். அத்தை பிள்ளையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முன்சீட்டுக் கம்பியைப் பார்த்தபடி சொன்னார். "சேவூருக்குப் போயி வாய தொறக்காத. என் பொண்ணு அங்க நல்லா வாழ்ந்துகினு கீறா."

"தெரியாம பெத்துட்டா இன்னா அத்தை பண்றது?"

"நாலுல ஒண்ணுன்னு அந்த டாக்டரே சொன்னாரு இல்ல? அந்த ஒண்ணு உனக்கு வந்துடுச்சு. இனிமே யாருக்கும் வராது."

நாலு லட்டு இருக்கும் தட்டில் ஒன்றை நான் எடுத்துவிட்டேன் என்பதுபோல அவர் கணக்கு. ஒவ்வொரு பிள்ளைக்கும் புதிதாக நாலில் ஒன்று என்று விளக்கினேன், எரிந்து விழுந்தார். எனக்கும் ஆத்திரம் வந்துவிட்டது. "அத்தை, எங்க அப்பாவுக்கு ஒரு தம்பி இருந்தாராமே, ஓடிகினே இருப்பாராமே. பத்து வயசுல செத்துப்போனாருன்னு அப்பா சொல்லுவாரு. அங்க ஏன் ரெண்டு பேருதான்னு சொன்னீங்க?" என்று கேட்டேன்.

 "அது அந்த வூட்டுக் கதை" என்றார். பிறகு, "இடுப்புலயே தூக்கிகினு திரிஞ்சேன் அவனை. சாமி குத்தம்னாங்க" என்று சொல்லிவிட்டு முந்தானையால் என் பிள்ளையின் வாயைத் துடைத்தார். எங்கள் வீட்டில் அவனுக்குச் சோறு ஊட்டத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். கடைவாயில் விரலை வைத்து, அவன் கடிக்காமல், உருண்டையை உள்ளே தள்ளுவார். இது எங்கே கற்றார் என்று நான் யோசித்ததே கிடையாது. அந்த பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது. இவன் சுருட்டை முடியையும் புருவத்தையும் பார்த்த முதல் நாளிலிருந்தே அவருக்குச் செத்துப்போன தம்பியின் ஞாபகம் வந்திருக்கும். வந்தும், தன் மகளையும் அதே வீட்டுக்குக் கொடுத்தார். அந்தக் கோபம் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

வாயைத் திறக்காமல் இருக்க நான் என்ன கல்லா? அடுத்த வாரமே சேவூர் போனேன். தம்பி தறியில் உட்கார்ந்திருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். அவன் காலை மிதியிலிருந்து எடுக்காமலே கேட்டான். "எங்களுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லியேக்கா. ரெண்டு பேரும் நல்லாதானே கீறோம்?" எனக்கும் ஒன்றுமில்லையடா, மாமாவுக்கும் ஒன்றுமில்லை, அப்படித்தான் இது இருக்கும் என்றேன். என் அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். என் வீட்டில்தான் பிரச்சினை என்றால் அதைக் கொண்டுவந்து இங்கேயும் கொட்டாதே, அவன் குடும்பமாவது உருப்படட்டும் என்றாள். பெற்ற தாய் சொன்னது இது. என் நாத்தனார் அறையை விட்டு வெளியே வரவே இல்லை. நான் செருப்பைப் போடும்போது உள்ளேயிருந்து அவள் குரல் மட்டும் கேட்டது. "அவங்க புள்ள மாதிரியே எனக்கும் பொறக்கணும்னு ஆசையா கீது போல."

அதற்குமேல் நான் அங்கே போகவில்லை. என் வீட்டுக்காரரிடம் நீங்களாவது உங்கள் தங்கையிடம் பேசுங்கள் என்று கெஞ்சினேன். அம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்ட பிறகு நான் எப்படி என்றார். அவரும் அறிக்கையைப் படித்தவர்தான், கேரியர் என்று அவர் பேருக்கு எதிரே எழுதியிருந்ததைப் பார்த்தவர்தான். ஆனாலும் அத்தை என் ரத்தத்தைத் திட்டும்போது ஒரு நாள்கூட "எனக்கும்தாம்மா இருக்கு" என்று அவர் வாயிலிருந்து வந்ததில்லை.

கொஞ்ச மாதம் கழித்து நாத்தனாருக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று செய்தி வந்தது. அத்தை தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தார். எனக்குக் கொடுத்த சர்க்கரையைத் திரும்ப டப்பாவில் கொட்டினேன். மூன்றாம் மாதம் என்று அந்தப் பெண் சொன்னது மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. போன் செய்தால் எடுக்கமாட்டாள். வாட்ஸ்அப்பில் அனுப்பியதைப் பார்த்ததற்கு நீலக் கோடு வரும், பதில் வராது.

அவளே ஒரு நாள் தாய்வீட்டுக்கு வந்தாள். அன்று அத்தை ஒரு துக்கத்துக்குப் போயிருந்தார், நான் கடைக்கு அட்டை கொடுக்கப் போக வேண்டியிருந்தது. பிள்ளையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள் என்று விட்டுப் போனேன். திரும்பி வரும்போது அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள், எதிரே ரசஞ்சோற்றுக் கிண்ணம், புடவை முழுக்கச் சோறு. அவன் இருமி இருமிக் களைத்துப்போய் அவள் தொடையில் தலை வைத்துக் கிடந்தான். அவள் அவன் சுருட்டை முடியைத் தடவிக்கொண்டே கேட்டாள். "என்னைப் பாத்தா அத்தே அத்தேன்னு ஓடியாருவானே அண்ணி. நான் காலைலேர்ந்து கூப்புடறேன். என்னைத் தெரியவே இல்ல இவனுக்கு."

நான் கிண்ணத்தை எடுத்து ஓரமாக வைத்தேன். சோற்றுக் கையைக் கழுவாமலே உட்கார்ந்திருந்தவள் திடீரென்று, "வேலூருக்கு எப்போ போவணும்?" என்றாள்.

தம்பியும் வந்தான். அத்தையிடம் போளூரில் ஒரு வளைகாப்பு என்றோம், என் அம்மாவிடம் காஞ்சிபுரத்தில் நூல் பார்க்கப் போகிறோம் என்றோம். இரண்டு பேருக்கும் ரத்தம் எடுத்தார்கள். இரண்டு பேருமே கேரியர். அதே மரபணு, அதே இடம், அதே பிழை. மறுமுறை போனபோது வயிற்றில் ஊசி போட்டு நஞ்சுக்கொடியிலிருந்து துளி சதை எடுத்தார்கள். ஆணா பெண்ணா என்று சொல்ல மாட்டோம், நோய் இருக்கிறதா என்று மட்டும்தான் சொல்வோம் என்று கையெழுத்து வாங்கினார்கள். முடிவு வரும்வரை அவள் தினமும் எனக்கு போன் செய்தாள். என்ன பேசுவது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. இன்னா சமையல் அண்ணி என்பாள், கத்திரிக்காய் என்பேன், அவ்வளவுதான்.

அந்தக் குழந்தைக்கு இரண்டு பிரதியும் கெட்டிருந்தது.

முடிவு எடுக்க வேண்டியது நீங்கள்தான், அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள் என்றார்கள். தம்பி ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரில் முட்டிக்கொண்டு அழுதான். அவள் அழவில்லை. "அண்ணி, இவன் எத்தனை வருஷம் இப்படி இருப்பான்?" என்று என் பிள்ளையைப் பற்றிக் கேட்டாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மறுநாள் கலைத்தார்கள். வார்டில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மாவுக்குத் தெரியக் கூடாது. என் வயித்துலயும் கோளாறு கீதுன்னு தெரிஞ்சா அந்தம்மா தாங்காது. கரு தானா கலைஞ்சிடுச்சுன்னு சொல்லிடலாம்" என்றாள். சரி என்றேன். அந்த நேரத்தில் அவள் என்ன கேட்டிருந்தாலும் சரி என்றிருப்பேன்.

கரு கலைந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் அத்தை நடுக்கூடத்தில் நின்று கத்தினார். "உன் கண்ணுதாண்டீ பட்டுடுச்சு! போ போ மூணாம் மாசம் டெஸ்ட்டு எடுன்னு போன் மேல போன் போட்டியே. என் பொண்ணு வயித்துல மண்ணப் போட்டுட்டியே!" தெருவில் நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். என் நாத்தனார் அங்கேதான் பாயில் படுத்திருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பச்சை உடம்புக்காரி, பேச முடியாது, போகட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் உடம்பு தேறிய பிறகும் அவள் பேசவில்லை. சொந்தக்காரர்கள் மத்தியில் என்னைக் கண்டால் என் கண் பட்டுவிடும் என்பதுபோல ஒதுங்கிப் போனாள். கல்யாண வீட்டில் எனக்குப் பக்கத்து இலையில் உட்காரமாட்டாள். அடுத்த வருஷம் மறுபடி நாள் தள்ளிப்போனபோது மட்டும் போன் வந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அண்ணி, மறுபடியும் போவணும். நீ வருவியா?" என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு போனை வைத்துவிட வேண்டும் என்றுதான் தோன்றியது. எந்த நாளில் போகலாம் என்று கேட்டேன்.

இந்தத் தடவை நல்ல செய்தி. ஒரு பிரதி மட்டும்தான் கெட்டிருக்கிறது, பெற்றவர்களைப் போலவே கேரியர், நோய் வராது என்றார்கள். பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். ஊர் வந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேறு ஆளாக இறங்கிப் போனாள். ஏழாம் மாதம் எங்கள் வீட்டிலேயே வளைகாப்பு வைத்தார்கள். எங்களில் முதல் வளையல் போடுவது நாத்தனார் உரிமை. அவளுக்கு நான்தான் நாத்தனார், ஒரே நாத்தனார். "நீ புள்ளையப் பாத்துகினு ரூமுக்குள்ளயே இரு. உன் கை படவேணாம்" என்றார் அத்தை. முதல் வளையலை யாரோ ஒரு ஒன்றுவிட்ட அக்காள் போட்டாள். அவன் படுத்திருந்த அறைக்குள் இருந்துகொண்டு பாட்டுச் சத்தத்தைக் கேட்டேன். கலந்த சாதம் மட்டும் எனக்குத் தட்டில் வந்தது, அதை நான் வெளியே கொட்டினேன்.

பெண் குழந்தை பிறந்தது. தாய்வீட்டுப் பிரசவம் என்பதால் குழந்தை எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா, என் பொண்ணு வயிறு சுத்தம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். தொட்டில் போடும் நாளில் கூடம் நிறைய ஆட்கள். தறியை ஓரங்கட்டி, பாய் விரித்திருந்தோம். என் பிள்ளை ஓட்டமெல்லாம் நின்றுபோய் ஒரு மூலையில் தலையணையில் சாய்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அப்போது எட்டு வயது.

அத்தை குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டு நல்ல மனநிலையில் இருந்தார். என்மேல்கூட அன்று அவருக்குப் பாசம் வந்துவிட்டது. எல்லோரும் கேட்கும்படி சொன்னார். "ஏண்டீ, நீயும் இன்னொண்ணு பெத்துக்கோ. ஒரு தடவை வந்தது வந்துடுச்சு, அடுத்தது நல்லா பொறக்கும். பையனா பொறந்தான்னா இவளையே கட்டி வெச்சிடலாம். வயசு ஒண்ணு ரெண்டு கொறஞ்சா இன்னா, முறை கெடக்கும்போது வெளிய எதுக்குப் போவணும்?"

கூடத்தில் நாலைந்து பேர் ஆமாம் ஆமாம் என்றார்கள். என் அம்மா சிரித்தாள், தலையை ஆட்டினாள். என் வீட்டுக்காரர் கைப்பேசியைப் பார்த்தார்.  அத்தனை ஊசி, அத்தனை பொய், வேலூருக்கும் ஆரணிக்கும் அத்தனை அலைச்சல், பிறக்காமல் போன ஒரு உயிர், எல்லாவற்றுக்கும் பிறகு, குழந்தையின் தொப்புள்கொடி காய்வதற்குள் மறுபடியும் நிச்சயத் தாம்பாளத்தைத் தூக்கிவிட்டார்கள்.

"இல்லம்மா" என்றது ஒரு குரல். என் நாத்தனார்தான். பாயில் உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "என் பொண்ணை சொந்தத்துல குடுக்க மாட்டேன். வெளியதான் குடுப்பேன்."

"இன்னாடீ பேசற? ஏன்?"

அவள் என்னைப் பார்த்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு எல்லோருக்கும் முன்னால் நேராக என் முகத்தைப் பார்த்தாள். இப்போது சொல்லிவிடுவாள், இரண்டு வீட்டுக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தேன். 

"அண்ணி வயித்துல பொறக்கறவனுக்கு என் பொண்ணைக் குடுக்க எனக்கு பயமா கீது. கோளாறு அவங்ககிட்ட கீதில்ல" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

 அத்தை குழந்தையை மார்போடு சேர்த்துக்கொண்டு யோசித்தார். எனக்கு வாய் வரை வந்துவிட்டது. நான் ஒரு வார்த்தை பேசினால் இரண்டு வீடும் சந்திக்கு வந்துவிடும். அவள் பேரும் என் தம்பி பேரும் அத்தை பேரும் எல்லாம் வந்துவிடும். பிறகு கத்தல், பெட்டி கட்டுதல், பஞ்சாயத்து. ஆறு மாதத்தில் எல்லாம் ஆறிப்போய், யாராவது ஒரு பெரியவர் முறை விட்டுப்போகக் கூடாது என்று சமாதானம் பேசி, இந்தக் குழந்தையை மறுபடி கல்யாணப் பேச்சில் உட்காரவைப்பார். உண்மையை இவர்கள் மறந்துவிடுவார்கள். என்மேல் போட்ட பழியைத்தான் மறக்கமாட்டார்கள்.

"ஆமாங்க அத்தை" என்றேன். "எங்கிட்டதான் கோளாறு. இவளை வெளியவே குடுங்க."